கருங்கல் எந்தப் பக்கம் உடையும்?

குமரி மாவட்டத்துக் குவாரிகளில் புதிதாக உடைத்த பாறையைப் பார்த்தால் இரண்டு வகைக் கற்கள் கண்ணில் படும். ஒன்று, எண்ணெய்ப் பளபளப்புடன் கரும்பச்சையாக இருக்கும் சார்னோகைட். மற்றது, வெள்ளையும் கருப்பும் மாறிமாறி வரியோடும் நைஸ். அதில் சிவப்புப் புள்ளிகளாகக் கார்னெட் என்ற கனிமம் தெரியும். இரண்டுமே சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து உருமாறியவை. ஆனால் பாரம் ஏறும்போது இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

முதலில் கனிமங்கள். இரண்டு கற்களிலும் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமங்கள் உண்டு. கனிமத்தின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை மதிப்பிடும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7, ஃபெல்ட்ஸ்பாருக்கு 6. நைஸில் உள்ள கருப்பு மைக்காவான பயோடைட்டுக்கோ 3-க்கு மேல் போகாது; நகத்தாலேயே ஏடு ஏடாக உரியும். சார்னோகைட்டில் இந்த மைக்கா மிகக் குறைவு. ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பயோடைட் தன்னுள் இருந்த நீரை இழந்து, குவார்ட்ஸுடன் வினைபுரிந்து பைராக்சீன் என்ற வேறு கனிமமாக மாறிவிட்டது. பாறையின் பலவீனமான பகுதியையே வெப்பம் தின்றுவிட்டது என்று சொல்லலாம். மிஞ்சிய பரல்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு வளர்ந்திருப்பதால் விரிசல் ஓட நேரான வழி கிடைப்பதில்லை.

நைஸில் அந்த வழி தயாராக இருக்கிறது. மைக்கா ஏடுகள் எல்லாம் ஒரே திசையில் படுத்து அடுக்காகிவிட்டதால், விறகைப் போலவே இதற்கும் நெடுக்கு ஒரு பலம், குறுக்கு ஒரு பலம். அடுக்குக்குச் செங்குத்தாக அழுத்தினால் அடுக்குகள் இன்னும் இறுகும். கல் நன்றாகத் தாங்கும். அடுக்கின் போக்கிலேயே அழுத்தினால் அது பாளம் பாளமாகப் பிளக்கப் பார்க்கும், ஆனாலும் ஓரளவு தாங்கும். மிக மோசமான நிலை இவை இரண்டும் அல்ல, சாய்வுதான். பாரம் வரும் திசைக்கு அடுக்கு சுமார் 30 டிகிரி சாய்ந்திருந்தால், பாரத்தின் பெரும்பகுதி அடுக்குகளை ஒன்றின்மேல் ஒன்று சறுக்கத் தள்ளும். அவற்றை இறுக்கிப் பிடிக்கும் அழுத்தமோ போதாது. ஒரே பாறையிலிருந்து எடுத்த கல்தான், ஆனாலும் இந்தக் கோணத்தில் வெகு சீக்கிரம் உடைந்துவிடும்.

அப்புறம் மழை. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. மைக்கா ஏடுகளுக்குள் நீர் நுழைந்து அவற்றை உப்பவைக்கிறது, ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகிறது. எதற்கும் அசையாத கார்னெட், சிலிமனைட், சிர்க்கான், மோனசைட் போன்ற கனிமங்கள் மணலாகக் கடலுக்குப் போகின்றன. மணவாளக்குறிச்சிக் கரையின் கனிம மணல் இப்படிச் சேர்ந்ததுதான்.

ஆகவே வீட்டு அஸ்திவாரத்துக்கு வரிக்கல் வந்தால் வரி கிடைமட்டமாக இருக்கும்படி வையுங்கள். மலையை வெட்டிச் சாலை போடும் இடங்களில் இன்னும் கவனம் வேண்டும். அடுக்குகள் சாலையை நோக்கிச் சரிந்திருக்கும் பக்கம்தான் மழைக்காலத்தில் பாளமாகப் பெயர்ந்து விழும். மலைக்குள் சரிந்திருக்கும் எதிர்ப்பக்கத்தில் அந்த ஆபத்து குறைவு.