ஆட்டப்பெட்டி: பேழை எதற்கு?

நேற்றும் ஒரு படக்குறிப்பில் பார்த்தேன்: ‘காலனியக் கால விளையாட்டுச் சந்தனப் பேழை’. படத்தில் இருந்தது 19-ஆம் நூற்றாண்டில் விசாகப்பட்டினத்தில் செய்த ஒரு பெட்டி. வெளியே சதுரங்கக் கட்டங்கள். விரித்தால் உள்ளே பேக்கமன் களம்; பகடை உருட்டிக் காய் நகர்த்தும் ஆட்டம் அது. காய், பகடை எல்லாவற்றையும் உள்ளேயே போட்டு மூடிவிடலாம். இங்கிருந்த வெள்ளைக்கார அதிகாரிகள் ஆசையாக வாங்கிய சாமான். ஆங்கிலத்தில் ‘கேம்ஸ் பாக்ஸ்’.

பெட்டி நம் வீட்டுச் சொல். தெலுங்கில் பெட்டெ, கன்னடத்தில் பெட்டிகெ, மலையாளத்தில் பெட்டியேதான். ‘ஆடு’ என்ற வினையிலிருந்து ஆட்டம். சேர்த்தால் ஆட்டப்பெட்டி. அவ்வளவுதான்.

ஆனால் நம் மொழிபெயர்ப்பாளர்களுக்குப் ‘பெட்டி’ என்று எழுதக் கூச்சம். பேழை என்றால்தான் கௌரவமாம். பழைய சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் இன்று பேழை என்றதும் நமக்கு நினைவு வருவது ஒன்று நோவாவின் பேழை, இன்னொன்று தலைவர்களைப் புதைக்கும் பேழை. 2016-இல் ஜெயலலிதாவையும் 2018-இல் கருணாநிதியையும் சந்தனப் பேழையில் வைத்து அடக்கம் செய்ததை ஊரே தொலைக்காட்சியில் பார்த்தது. அதற்கப்புறமும் சதுரங்கக் காய் போட்டு வைக்கிற பெட்டியைச் சந்தனப் பேழை என்று எழுதக் கை எப்படி வருகிறது?

‘விளையாட்டு’ம் சரிப்படாது. அதில் கால்பந்தும் அடக்கம், குழந்தையின் கிலுகிலுப்பையும் அடக்கம். உட்கார்ந்து ஆடுவதற்கு நம்மிடம் ஆட்டம் இருக்கிறது: சீட்டாட்டம், தாயாட்டம், சொக்கட்டான் ஆட்டம். ‘ஒரு ஆட்டம் போடலாமா?’ என்று சீட்டுக்கட்டோடு கேட்டால் யாரும் சலங்கை கட்டிக்கொண்டு வருவதில்லை. ‘ஆடற்பேழை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குத்தான் சலங்கை வேண்டும்.

அடுத்தது ‘தந்தப் பெட்டி’. இந்தப் பெட்டியின் உடம்பு சந்தன மரம். தந்தம் மேலே போர்த்திய மெல்லிய தகடு. அதை ‘மேற்பூச்சு’ என்கிறார்கள். தந்தம் என்ன சுண்ணாம்பா, பூசுவதற்கு? தில்லையம்பலத்துக்குப் பராந்தகன் பொன் வேய்ந்தான் என்கிறோமே, அந்த வேய்தல்தான் இதற்கு அச்சான சொல். மரத்தைக் குடைந்து தந்தத்தை உள்ளே உட்கார வைத்தால் அது இழைத்தல்; ரத்தினம் இழைத்த மோதிரம் மாதிரி. விசாகப்பட்டினத்தார் முதலில் கருமரத்தில் தந்தம் இழைத்தார்கள், பிற்பாடு சந்தன மரத்தின் மேல் வேய்ந்தார்கள். இரண்டையும் ‘உட்பதிப்பு’ என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டால் ஒரு நூற்றாண்டு வேலையின் மாற்றமே காணாமல் போகிறது.

வேய்ந்த தந்தத்தில் கொடியும் பூவும் மயிர்க்கோடாகக் கீறி, கோட்டுக்குள் கறுப்பு அரக்கை நிரப்புவார்கள். பார்த்தால் பேனாவால் வரைந்தது போலவே இருக்கும். அதனால் ‘ஓவியம் தீட்டிய’ என்று எழுதுகிறார்கள். தீட்டவே இல்லை ஐயா, கீறியது.

பம்பாய்ப் பெட்டிகள் வேறு சாதி. தந்தம், மரம், உலோகம் ஆகியவற்றின் மெல்லிய குச்சிகளைக் கட்டாக ஒட்டி, குறுக்கே சீவி, அந்தச் சில்லுகளை ஒட்டுவது அங்கே வழக்கம். அதற்குச் சதேலி என்று பெயர். அதைச் சதேலி என்றே விட்டுவிடலாம். தொழில்காரர்கள் வைத்த பெயரை மாற்ற நாம் யார்?

சரி, அந்தப் படக்குறிப்பை நான் எழுதியிருந்தால்: ‘சந்தன மரத்தில் தந்தம் வேய்ந்து, கோடு கீறி அரக்கு நிரப்பிய ஆட்டப்பெட்டி. விசாகப்பட்டினம், 19-ஆம் நூற்றாண்டு.’