ஒட்டிக் கட்டியதெல்லாம் ஒரே வீடு ஆகாது

காட்பாடியில் ஒரு வீட்டுக்காரர் அழைத்திருந்தார். பழைய வீட்டின் பின்புறத்தை ஒட்டிப் போன ஆண்டு ஓர் அறை எழுப்பியிருக்கிறார். இரண்டும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழ்வரை விரிசல். மூன்று முறை பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தாயிற்று. "ஒரே வீடுதானே சார், ஏன் பிரிகிறது?" என்றார்.

விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சில்லு ஒன்றை, இரு முனையிலும் சிமென்ட் வைத்து ஒட்டிவிட்டு வந்தேன். நாற்பது நாள் கழித்துப் போனால் சில்லு இரண்டாகக் கிடந்தது. அதாவது விரிசல் இன்னும் நகர்கிறது. பழைய அஸ்திவாரம் அமுங்க வேண்டியது எப்போதோ அமுங்கிவிட்டது. புதியது இப்போதுதான் அமுங்குகிறது. ஒன்றின் பாரத்தை மற்றொன்று வாங்கவில்லை. நடுவில் இருந்தது வெறும் பூச்சு.

நூல் துணிக்கு ஒரு காரணம். நூலும் நூலும் கூடிய கூட்டு இன்னொரு காரணம் என்றார்கள் வைசேஷிகர்கள் என்னும் பழைய இந்தியத் தத்துவவாதிகள். கூட்டு அழிந்தால் நூல் இருக்கும், துணி இருக்காது. கட்டடத் தொழிலில் அந்தக் கூட்டு என்பது பாரம் கைமாறுவது. பக்கத்தில் பக்கத்தில் நிற்பது அல்ல.

சன்ஷேடில் இதை இன்னும் நன்றாகப் பார்க்கலாம். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் காங்கிரீட் பலகை தன் எடையால் கீழே வளையப் பார்க்கும். அப்போது இழுபடுவது மேல்பக்கம். காங்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. ஆகவே முதன்மைக் கம்பி மேலே இருக்க வேண்டும். கலவை கொட்டும்போது சித்தாள் கம்பி மேல் ஏறி நடப்பார். கம்பி கீழே போய்விடும். அவரைத் திட்டிப் பயனில்லை, நடக்கப் பலகை போடாதது நம் தவறு. சென்ட்ரிங் பிரித்தபின் சுவரோரம் வெடிக்கும். உடைத்து எண்ணினால் கம்பி, ஜல்லி, சிமென்ட் எதுவும் குறைந்திருக்காது. பில்லும் சரியாகவே இருக்கும்! கலவை ஊற்றும் முன் கம்பியைத் தாங்க 'சேர்' எனும் முட்டு வைத்திருக்கிறார்களா என்று நீங்களே குனிந்து பாருங்கள்.

காட்பாடி வீட்டுக்கு வருகிறேன். உண்மையாகவே சேர்ப்பதென்றால் அஸ்திவாரத்திலிருந்து கணக்குப் போட்டு, பழைய தூணில் துளையிட்டுக் கம்பி பதிக்க வேண்டும். அந்த அறைக்கு அவ்வளவு செலவு வீண். தரையிலிருந்து கூரைவரை பூச்சை அறுத்து, இடைவெளி விட்டு, நெகிழும் பசையால் அடைத்து, மேலே அலுமினியப் பட்டை வைத்து ஒரு பக்கம் மட்டும் திருகினோம். மேஸ்திரி மறுபக்கமும் திருகப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன்.