வரப்பில் பறக்கும் குஞ்சங்கள்

இராயக்கோட்டைப் பக்கம் சாமந்தித் தோட்டத்து வரப்பில் பத்தடி நடந்தால் போதும். வெட்டுக்காயப் பூண்டு, பூவாங்குறுந்தல், வாய்க்கால் ஈரத்தில் கரிசலாங்கண்ணி, மேட்டில் பார்த்தீனியம். எல்லாமே சாமந்திக்குச் சொந்தக்காரச் செடிகள்தான். உலகம் முழுக்க இந்தக் குடும்பத்தில் 24,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஒற்றைப் பூ என்று நாம் பறிப்பது சின்னச் சின்னப் பூக்களின் கூட்டம். இந்த அமைப்பு எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருப்பதால், பூவை மட்டும் பார்த்துப் பிரிப்பது பல நேரம் கஷ்டம். அதனால்தான் தாவரவியலாளர்கள் கனியைக் கையில் எடுக்கிறார்கள்.

கனி எது? சூரியகாந்தி விதையில் நாம் கடித்துத் துப்பும் தோடுதான் கனியின் சுவர். உள்ளே இருக்கும் பருப்புதான் விதை.

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று போதும். வெட்டுக்காயப் பூண்டின் முற்றிய கனியை உள்ளங்கையில் வையுங்கள். உடல் முழுக்கப் பட்டுபோல் முடி. உச்சியில் சுமார் 20 இழைகள் கொண்ட குஞ்சம். ஒவ்வோர் இழையும் கோழி இறகுபோல இருபக்கமும் மெல்லிய முடி விட்டிருக்கும். அப்புறம் பூவாங்குறுந்தலைப் பாருங்கள். அதற்கும் வெள்ளைக் குஞ்சம்தான், ஆனால் இழைகளில் இறகு கிடையாது. ரம்பப்பல்போல நுண்ணிய முட்கள்தான். நீண்ட இழைகளின் அடியில் குட்டையான இன்னொரு வளையமும் தெரியும். கரிசலாங்கண்ணிக்குப் பறக்கும் குஞ்சமே இல்லை. பக்கங்களில் மருமருவாக இருக்கும். தூரத்தில் ஒரே வெள்ளையாகத் தெரிந்த செடிகள் இவ்வளவு விலகிப்போவதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

லென்ஸுக்கு எட்டாததை எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டுகிறது. கனியின் மேல் மெல்லிய தங்கப் பூச்சு பூசிப் பார்ப்பார்கள். இந்தக் குடும்பத்துக் கனிகள் பலவற்றில் ஒரு முடி என்று தெரிவது, ஒட்டி வளர்ந்த இரண்டு நீண்ட செல்கள். நுனியில் மட்டும் பிளந்திருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கறுப்பு அடுக்குதான். சூரியகாந்தி, செண்டுமல்லி, கரிசலாங்கண்ணி ஆகியவற்றின் கனிச்சுவருக்குள் பைட்டோமெலனின் என்ற கரிபோன்ற பொருள் படிகிறது. கடுமையான அமிலத்திலும் அது கரையாது. சாமந்தியில் அது இல்லை. ஊதாப்பூ பூக்கும் அஜரேட்டம் களையைப் பார்த்தால் சூரியகாந்திக்கு உறவு என்று யாரும் சொல்லமாட்டார்கள். வெகுகாலம் தனிக் கூட்டமாகவே வைத்திருந்தார்கள். ஆனால் அதன் கனியிலும் அதே கறுப்பு. பின்னாளில் டிஎன்ஏ ஆய்வு, அந்தக் கூட்டம் சூரியகாந்தி வம்சத்துக்குள்ளேயே கிளைத்தது என்று காட்டியது.

சரி, ஒரே ஒரு அடையாளத்தை நம்பலாமா? கூடாது. குஞ்சம் வெவ்வேறு வம்சங்களில் தனித்தனியாகக் காணாமல் போயிருக்கிறது. அதனால் முடி, குஞ்சம், சுவர், சுவரின் செல்களுக்குள் இருக்கும் படிகங்கள் என்று பலவற்றையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வெர்னோனியா என்று அழைக்கப்பட்டுவந்த பூவாங்குறுந்தலை, 1990-இல் தாவரவியலாளர் ஹரால்ட் ராபின்சன் சயாந்தில்லியம் என்ற பேரினத்துக்கு மாற்றினார்.

பார்க்க நினைப்பவர்கள் பனி காய்ந்த பிறகு போங்கள். ஈரத்தில் குஞ்சம் ஒட்டிக்கிடக்கும். வெயில் ஏறியதும் பந்துபோல விரிந்துவிடும். பிஞ்சைப் பறிக்காதீர்கள், முடி முழுதாக வளர்ந்திருக்காது. தொட்டவுடன் கையோடு வரும் கனிதான் சரியானது.