பெட்டியில் அச்சிடாத எண்

மியூசிக் பிளேயர் வாங்கப் போனால் பெட்டி மேல் முதலில் கண்ணில் படுவது '24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்' மாதிரியான எண்கள்தான். எண் பெரிதென்றால் பாட்டும் நன்றாகக் கேட்கும் என்று நம்பி நானும் ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு வந்து பிடித்தமான இயர்போனை மாட்டினால், போனில் கணீரென்று கேட்ட ஜால்ரா இதில் போர்வைக்குள்ளிருந்து வருவது போல் இருந்தது.

பிளேயருக்குள் நடப்பது மூன்று வேலை. கோப்பைப் பிரித்து எண்களாக்குவது, அந்த எண்களை மின்னழுத்தமாக மாற்றுவது, அதற்கு இயர்போனை அசைக்கும் அளவு பலம் கொடுப்பது. பெட்டியில் இருந்த எண்கள் நடுவிலுள்ள வேலையைப் பற்றியவை. அதைச் செய்யும் சில்லுக்கு டாக் என்று பெயர்.

ஒலியை எண்ணாக்க, அதன் அளவை நொடிக்குப் பல்லாயிரம் முறை எடுக்கிறார்கள். அது எத்தனை ஆயிரம் முறை என்பதுதான் பெட்டியில் இருந்த கிலோஹெர்ட்ஸ். ஓர் அலையைப் பிடிக்க, அது நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறதோ அதன் இரு மடங்குக்குச் சற்று மேல் அளவெடுத்தால் போதும். மனிதக் காது எட்டுவது சுமார் 20,000 அதிர்வு வரை. வயது ஏற ஏற அதுவும் குறையும். சி.டி.க்கு 44,100 என்று வைத்தது அதனால்தான். இரண்டு அளவுகளுக்கு நடுவே உள்ளது தொலைந்து, அலை படிக்கட்டு மாதிரி ஆகிவிடாதா என்று பலர் கேட்பார்கள். ஆகாது. டாக்கில் இருக்கும் வடிகட்டி (ஃபில்டர்), அந்த எல்லைக்குள் உள்ள அலையை வளைவு மாறாமல் திரும்பக் கட்டிவிடும். பிட் எண்ணிக்கை முடிவு செய்வது மிக மெல்லிய சத்தத்துக்கும் மிக உரத்த சத்தத்துக்கும் உள்ள தூரத்தை. 16 பிட்டிலேயே அது சுமார் 96 டெசிபல். ஓடும் பேருந்தில் அதில் பாதிகூடப் பயன்படாது. 24 பிட் ஒலிப்பதிவுக் கூடத்தில் கைகொடுக்கும். 192 கிலோஹெர்ட்ஸால் கேட்பவருக்குக் கிடைப்பது பெரிய கோப்பு மட்டும்தான்.

சரி, என் ஜால்ராவுக்கு என்ன ஆயிற்று? கோளாறு மூன்றாவது வேலையில் இருந்தது.

பலம் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் சொந்தமாக ஒரு தடை உண்டு. அவுட்புட் இம்பீடன்ஸ் என்பார்கள். அதுவும் இயர்போனின் தடையும் மின்னழுத்தத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். பங்கு மாறாமல் இருந்தால் வால்யூமைக் கொஞ்சம் ஏற்றினால் முடிந்தது. ஆனால் ஒரே காதில் மூன்று நான்கு டிரைவர் (ஒலி எழுப்பும் சிறு பாகம்) வைத்த இயர்போன்களில் தடை ஸ்தாயிக்கு ஸ்தாயி மாறும். கீழ் ஸ்தாயியில் 32 ஓம், மேல் ஸ்தாயியில் 8 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பிளேயரின் தடை 10 ஓம் என்றால் கீழ் ஸ்தாயிக்கு 76 சதவீதம் போய்ச் சேரும், மேல் ஸ்தாயிக்கு 44தான். வித்தியாசம் ஏறக்குறைய 5 டெசிபல். யார் காதுக்கும் தெரியும். பிளேயரின் தடை 1 ஓமாக இருந்தால் அதே பங்கு 97, 89. ஒரு டெசிபல்கூட இல்லை. இயர்போனின் தடையில் எட்டில் ஒரு பங்கை பிளேயரின் தடை தாண்டக் கூடாது என்று சொல்வது இதனால்தான். பெட்டியில் தேடினால் இந்த எண் பெரும்பாலும் கிடைக்காது. விவரப் பட்டியலின் கடைசியில் எங்காவது ஒளிந்திருக்கும்.

இரண்டு பிளேயரை ஒப்பிடும்போது வால்யூமைச் சமமாக்கிவிட்டுக் கேளுங்கள். கொஞ்சம் உரக்கப் பாடுவதே தெளிவாகப் பாடுவதாகத் தோன்றும். காது அப்படித்தான் ஏமாறும்.

கொள்ளளவுக் கணக்கு எளிது. நான்கு நிமிடப் பாட்டு சி.டி. தரத்தில் 42 எம்.பி., 320 கிலோபிட் எம்பி3யில் 10 எம்.பி.க்கும் குறைவு. மெமரி கார்டு போட இடம் இருந்தால் அதோடு விடலாம்.

ப்ளூடூத் இயர்போன் மட்டும்தான் போடுவீர்கள் என்றால் புதிதாக ஒரு பிளேயரே வேண்டாம். எண்ணை மின்னழுத்தமாக்குவதும் பலம் கொடுப்பதும் அப்போது இயர்போனுக்குள்ளேயே நடக்கும். பாட்டை அனுப்பிவைக்கும் தபால் வேலைக்குக் கையிலிருக்கும் போனே போதும்.

என் பிளேயரின் தடை 10 ஓம் என்று பிறகுதான் தெரிந்தது. அதை இப்போது 80 ஓம் ஹெட்போனோடு வைத்திருக்கிறேன். ஜால்ரா போர்வையை உதறிவிட்டது.