ஓவர்பிரஷர் என்பது மிகையழுத்தம்

அணுவெடிப்பைக் கட்டடங்கள் எந்த அளவுக்குத் தாங்கும் என்று மதிப்பிடும் பொறியியல் எழுத்துகளில் பக்கத்துக்குப் பக்கம் தென்படும் சொல் 'ஓவர்பிரஷர்'. தமிழில் இதைச் சிலர் 'உயர் அழுத்தம்' என்றும், சிலர் 'மேலழுத்தம்' என்றும் எழுதுகிறார்கள். இரண்டுமே பொருளைத் தவறவிடுகின்றன.

வெடிப்பின் அதிர்ச்சியலை ஓரிடத்தை அடையும்போது, அங்கே ஏற்கெனவே இருந்த வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் எவ்வளவு அழுத்தம் கூடுகிறதோ அந்தக் கூடுதல் மட்டுமே ஓவர்பிரஷர். கடல்மட்டத்தில் காற்று ஒவ்வொரு சதுர அங்குலத்தின் மீதும் சுமார் 14.7 பவுண்டு விசையுடன் எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கிறது. சுவரின் இரு பக்கமும் அது சமமாக இருப்பதால் சுவருக்கு ஒன்றும் ஆவதில்லை. வெடியலை அதில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது 5 பவுண்டை, ஒரு பக்கத்தில் மட்டும் திடீரென்று கூட்டினால் மரச்சட்ட வீடு தரைமட்டமாகிவிடும். ஆகவே இங்கே கணக்கில் வருவது அழுத்தத்தின் உயரம் அன்று, இரண்டு அழுத்தங்களுக்கு இடையிலான வேறுபாடு. காற்று இறங்கிப்போன டயரில் அழுத்தமானி சுழியைக் காட்டுவதும் இதே கணக்கில்தான்: உள்ளே காற்று இருக்கிறது, வெளிக்காற்றைவிட மிகுதியாக இல்லை.

ஆங்கிலச் சொல்லின் பிற்பகுதி, அமுக்குதலைக் குறிக்கும் 'பிரெமெரே' என்ற இலத்தீன் வினையிலிருந்து வந்தது. முற்பகுதியான 'ஓவர்' இவ்விடத்தில் திசையைக் காட்டவில்லை. ஓர் அளவைத் தாண்டிய மிச்சத்தைக் காட்டுகிறது. 'மேலழுத்தம்' என்ற மொழிபெயர்ப்பு சறுக்குவது இங்கேதான். அது மேலிருந்து கீழே அழுத்துவது என்ற எண்ணத்தைத் தந்துவிடுகிறது. 'உயர் அழுத்தம்' என்பதோ வானிலை அறிக்கைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஏற்கெனவே பழகிப்போன சொல். 'மிகு' என்ற வேரிலிருந்து வந்த 'மிகை'யில் இந்தக் குழப்பம் இல்லை. 'குணம்நாடிக் குற்றமும் நாடி அவற்றுள் மிகைநாடி மிக்க கொளல்' என்ற குறளில், இரண்டை எடைபோட்டு எது விஞ்சி நிற்கிறது என்று பார்ப்பதற்கு வள்ளுவர் எடுத்துக்கொண்ட சொல் அதுவே. 'மிகை'யோடு 'அழுத்தம்' சேரும்போது யகர உடம்படுமெய் பெற்று 'மிகையழுத்தம்' ஆகும். இன்று பேச்சில் 'மிகை' வேண்டாத கூடுதல் என்ற சாயலோடு வழங்குவது உண்மைதான். வெடியலையைப் பற்றிப் பேசும்போது அந்தச் சாயலும் பொருந்தவே செய்கிறது.

இந்த அளவு கட்டடங்களின் மீது நேரடியாகச் சோதிக்கப்பட்டது அமெரிக்காவின் நெவாடா சோதனைத் தளத்தில். 1953 மார்ச் 17 அன்று 'ஆனி' என்ற பெயரில் 16 கிலோடன் (அதாவது 16,000 டன் டிஎன்டி வெடிமருந்துக்கு இணையான ஆற்றல் கொண்ட) குண்டு ஒரு கோபுரத்தின் உச்சியில் வெடிக்கப்பட்டது. அதிலிருந்து சுமார் 1,070 மீட்டரிலும் சுமார் 2,290 மீட்டரிலும் ஒரே மாதிரியான இரண்டு மாடி மரவீடுகள் கட்டிவைக்கப்பட்டிருந்தன. வெப்பக் கதிர்வீச்சால் தீப்பற்றி அலையின் விளைவு மறைந்துவிடக் கூடாது என்பதற்காக அவற்றுக்கு வெள்ளை வண்ணம் பூசியிருந்தார்கள். சதுர அங்குலத்துக்கு 5 பவுண்டு மிகையழுத்தத்துக்கு உள்ளான முதல் வீடு சிதறிப்போயிற்று, 1.7 பவுண்டுக்கு உள்ளான இரண்டாவது வீடு சன்னல்களையும் கதவுகளையும் இழந்து, சேதங்களோடு நின்றது. 5 பவுண்டு என்பது கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றலாம். சதுர மீட்டருக்கு மாற்றினால் அது சுமார் 3.5 டன் எடை. அலைக்கு நேரெதிரே நிற்கும் சுவரில் மோதித் திரும்பும்போது அது இருமடங்குக்கும் மேல் பெருகுகிறது.

மிகையழுத்த எண்ணை வைத்து மட்டும் ஒரு கட்டடத்தின் விதியைச் சொல்லிவிட முடியாது. 1955 மே 5 அன்று அதே தளத்தில் நடந்த 29 கிலோடன் சோதனையில், 5 பவுண்டு மிகையழுத்தத்தில் வலுவூட்டப்படாத செங்கல் வீடு இடிந்து விழ, வலுவூட்டிய கான்கிரீட் வீடு சிறு சேதத்தோடு தப்பியது. அலை வந்த திசையும் முடிவை மாற்றும். ஹிரோஷிமாவில் குண்டு ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில் வெடித்த இடத்துக்கு நேர்கீழ்ப் புள்ளியிலிருந்து, இன்று அணுகுண்டுக் குவிமாடம் என்று அழைக்கப்படும் கட்டடம் சுமார் 160 மீட்டர் தொலைவில்தான் இருந்தது. அலை ஏறத்தாழ உச்சியிலிருந்து இறங்கியதால் அதன் சுவர்களில் பல செங்குத்தாகவே நின்றுவிட்டன.

மிகையழுத்தத்தோடு மயங்கக் கூடாத இன்னொரு சொல் 'டைனமிக் பிரஷர்'. அதிர்ச்சியலைக்குப் பின்னே பாயும் காற்றின் வேகம் தரும் தள்ளுவிசை இது. 'இயங்கழுத்தம்' என்று சொல்லலாம். சன்னல்களும் சுவர்களும் உள்ள மூடிய வீட்டை நொறுக்குவது பெரும்பாலும் மிகையழுத்தம். கம்பங்களையும், தகடுகள் பறந்துபோன எஃகுச் சட்டங்களையும் வளைத்துச் சாய்ப்பது இயங்கழுத்தம். கம்பத்தைச் சுற்றி மிகையழுத்தம் நொடிப்பொழுதில் எல்லாப் பக்கமும் சமமாகிவிடுகிறது, காற்றின் தள்ளுதலோ நீடிக்கிறது. சாதாரண வெடிகுண்டின் அலை சில மில்லிநொடிகளில் அடங்கிவிட, அணுவெடிப்பின் அலை ஒரு நொடியின் கணிசமான பகுதி வரைக்கும் நீள்வதால், இந்த வேறுபாடு அணுவெடிப்பில்தான் பெரிதாகத் தெரிகிறது.

கலைச்சொல்லைத் தேர்வதில் இன்னொரு வசதியையும் பார்க்க வேண்டும். அலை கடந்துபோன பிறகு அழுத்தம் வளிமண்டல அளவுக்கும் கீழே இறங்கி, வெடிப்பு நிகழ்ந்த இடத்தை நோக்கிக் காற்று திரும்பி இழுக்கும் ஒரு கட்டம் உண்டு. ஆங்கிலத்தில் இதை எதிர்மறைக் கட்டம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். தமிழில் 'உயர் அழுத்தம்' என்று தொடங்கியிருந்தால் இதற்குத் 'தாழ் அழுத்தம்' என்று வைத்து மறுபடியும் வானிலை அறிக்கைக்குள் போய் நிற்க வேண்டியிருக்கும். 'மிகையழுத்தம்' என்று தொடங்கினால் 'குறையழுத்தம்' என்ற இணை தானாகவே கிடைத்துவிடுகிறது.