சக்கரம் கழன்றது யார் தவறு? மிட்சுபிஷியின் கதையும் நம் ரீகால் பயமும்

போன மாதம் ஒருவர், ஏசி சரியாகக் குளிரவில்லை என்று தன் காரைப் பட்டறையில் விட்டார். ஃபில்டரை எடுப்பதற்காக டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தேன். ஆர்சி, இன்சூரன்ஸ் காகிதங்களுக்கு நடுவே நாலாக மடித்த ஒரு கடிதம் இருந்தது. கார் கம்பெனி அனுப்பிய ரீகால் கடிதம். ஏர்பேக்கை இலவசமாக மாற்றித் தருகிறோம், வண்டியைக் கொண்டுவாருங்கள் என்று எழுதி இரண்டு வருடம் ஆகிவிட்டது. "ஏன் சார் போகல?" என்றேன். "ரீகால் ஆன வண்டின்னு தெரிஞ்சா விக்கும்போது விலை போகாதேன்னுதான்" என்றார். அவருக்கு முன்னால் இருக்கும் ஸ்டீயரிங்குக்குள்தான் அந்த ஏர்பேக் இருக்கிறது. தினமும் பள்ளிக்குப் பிள்ளைகளை அந்த வண்டியில்தான் கொண்டுபோய் விடுகிறார்.

இவரைப் போல மாதத்துக்கு ஒருவரையாவது பார்க்கிறேன். ரீகால் என்றாலே கெட்ட வண்டி, மட்டமான கம்பெனி என்று நம் ஆட்கள் மனதில் பதிந்துபோயிருக்கிறது. ரீகாலே வராத கம்பெனிதான் நல்ல கம்பெனி என்றும் நினைக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் நான் சொல்லும் கதை ஜப்பான் கார் கம்பெனி மிட்சுபிஷியின் கதை. ஏனென்றால் ரீகால் செய்யக் கூடாது, பெயர் கெட்டுவிடும் என்று பல வருடம் முடிவெடுத்த கம்பெனி அது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மிட்சுபிஷி எனக்குப் பிடித்த கம்பெனி. நான் சென்னையில் தொழில் பழகிய காலத்தில்தான் அவர்களுடைய லான்சர் கார் வந்தது. 1998 முதல் திருவள்ளூரில் இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் அதைத் தயாரித்தார்கள். அம்பாசடர் செய்த அதே இந்துஸ்தான் மோட்டார்ஸ்தான். பட்டறைக்கு ஒரு லான்சர் வந்தால் பையன்கள் எல்லோரும் கையைத் துடைத்துக்கொண்டு அதைச் சுற்றி நிற்போம். கதவைச் சாத்தும் சத்தமே வேறு மாதிரி இருக்கும்.

பெயரும் சும்மா வந்ததில்லை. இவாசாகி யடாரோ 1870இல் தொடங்கிய கப்பல் தொழிலிலிருந்து வளர்ந்த குழுமம் அது. முத்திரையில் இருக்கும் மூன்று வைரங்கள்தான் மிட்சுபிஷி என்ற சொல்லின் பொருளும். 1917இல் கோபே கப்பல் கட்டும் தளத்தில் 'மாடல் ஏ' என்ற காரைச் செய்தார்கள். ஜப்பானில் ஒன்றுக்கு மேல் வரிசையாகச் செய்த முதல் கார் அதுதான். 1970இல் கார் பிரிவு தனிக் கம்பெனியானது. 1982இல் பஜேரோ ஜீப் வந்தது. டக்கார் என்ற பாலைவனப் பந்தயத்தில் 1985 முதல் 2007 வரை 12 முறை மிட்சுபிஷி ஜெயித்தது, அதில் கடைசி ஏழும் தொடர்ச்சியாக. 1996 முதல் 1999 வரை நான்கு வருடம் உலக ராலி ஓட்டுநர் பட்டத்தை டொம்மி மாக்கினென் லான்சரில்தான் வென்றார். பாலைவனத்தில் தாங்கிய வண்டி நம் ஊர் ரோட்டில் தாங்காதா என்ற பேச்சு அப்போது சகஜம்.

இப்படிப்பட்ட கம்பெனிக்குள் 2000 ஜூலையில் ஜப்பானியப் போக்குவரத்து அமைச்சக அதிகாரிகள் சோதனைக்குப் போனார்கள். உள்ளிருந்து யாரோ தகவல் கொடுத்திருந்தார்கள். லாக்கர்களில் ஒளித்து வைத்த புகார்க் காகிதங்கள் கிடைத்தன. வாடிக்கையாளர் புகார்களை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். அமைச்சகத்துக்குக் காட்டுவது ஒரு கட்டு, காட்டாதது இன்னொரு கட்டு. காட்டாததற்கு 'ஹெச்' என்று அடையாளம் போட்டிருந்தார்கள். மறைப்பது என்ற பொருள் தரும் ஜப்பானியச் சொல்லின் முதல் எழுத்து அது. விசாரித்தால் இந்தப் பழக்கம் 1977 முதல் நடந்துவந்திருக்கிறது. இருபது வருடத்துக்கு மேல்!

அப்படியானால் புகார் வந்த வண்டிகளை என்ன செய்தார்கள்? சர்வீஸுக்கு வரும்போது சத்தமில்லாமல் பாகத்தை மாற்றி அனுப்பிவிடுவார்கள். ஜப்பானில் இதற்கு 'யாமி கைஷூ' என்று பெயர். இருட்டில் பார்க்கும் ரிப்பேர் என்று வைத்துக்கொள்ளலாம். சர்வீஸுக்கு வந்தவருக்குப் பிரச்சினை தீர்ந்தது. வராதவருக்கு விஷயமே தெரியாது. ரீகாலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ரீகால் அறிவித்தால் அதே பாகம் இருக்கிற எல்லா வண்டிக்காரருக்கும் தகவல் போகும்.

விஷயம் வெளியே வந்தபின் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திருப்பி அழைத்தார்கள். கம்பெனித் தலைவர் கவாசோயே கட்சுஹிகோ பதவி விலகினார். இனி எதையும் மறைக்க மாட்டோம் என்றார்கள். ஆனால் லாரிகளில் சக்கரத்தைப் பிடிக்கும் ஹப் என்ற பாகத்தைப் பற்றிய உண்மை அப்போதும் வெளியே வரவில்லை.

2002 ஜனவரி 10. யோகோஹாமாவில் ஒரு தாய் தன் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு நடைபாதையில் போய்க்கொண்டிருந்தார். பக்கத்துச் சாலையில் ஓடிய மிட்சுபிஷி ட்ரெய்லர் லாரியின் முன்பக்க இடது சக்கரம் தனியாகக் கழன்று, சுமார் 50 மீட்டர் உருண்டுவந்து அவர் முதுகில் மோதியது. சக்கரத்தின் எடை ஏறக்குறைய 140 கிலோ. அந்தப் பெண் இறந்துபோனார். அவருக்கு 29 வயது. பிள்ளைகள் காயத்தோடு தப்பினார்கள்.

ஒரு மெக்கானிக்காக நான் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சக்கரம் கழன்றது என்றால் நாம் முதலில் கேட்பது "நட்டை யார் டைட் பண்ணது?" என்றுதான். இங்கே நட்டு கழலவில்லை. ஹப்பே உடைந்துவிட்டது. ஹப் என்பது அச்சோடு சக்கரத்தைச் சேர்த்துப் பிடிக்கும் இரும்புப் பாகம். அதன் வட்டமான தட்டில்தான் சக்கரம் போல்ட் போட்டுப் பூட்டியிருக்கும். அந்தத் தட்டு அடிவாரத்தில் சுற்றிலும் விரிசல் விட்டு முறிந்திருக்கிறது. பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட் போலத் தேயத் தேய மாற்றும் சாமான் இல்லை ஹப். பேரிங் மாற்றுவோம், கிரீஸ் போடுவோம். ஹப் வண்டி இருக்கும்வரை இருக்க வேண்டியது. என் கையால் எத்தனையோ லாரி ஹப்பைக் கழற்றி மாட்டியிருக்கிறேன். தட்டு வட்டமாக முறிந்து நான் பார்த்ததே இல்லை.

கம்பெனி என்ன சொன்னது தெரியுமா? வண்டியைச் சரியாகப் பராமரிக்கவில்லை, அதனால் ஹப் அளவுக்கு மீறித் தேய்ந்துவிட்டது என்றது. 0.8 மில்லிமீட்டருக்கு மேல் தேய்ந்திருந்தால் ஹப்பை மாற்றுங்கள் என்று ஓர் அளவும் சொன்னது. பழி லாரிக்காரர் மேலும், அந்த லாரியைப் பார்த்த மெக்கானிக்குகள் மேலும் விழுந்தது. ஆனால் இது முதல் உடைப்பு இல்லை. 1992 முதலே இதேபோல் ஹப் உடைந்த சம்பவங்கள் கம்பெனியின் பதிவில் இருந்தன. 1999இல் ஹிரோஷிமாவில் ஒரு பேருந்தின் சக்கரம் இதே மாதிரி கழன்றது. நல்லவேளையாக யாருக்கும் அடிபடவில்லை. அப்போது அமைச்சகம் கேட்டதற்கு, இந்த மாதிரி வேறு எங்கும் நடக்கவில்லை, ரீகால் தேவையில்லை என்ற ரீதியில் பதில் போனது. அன்றே உண்மையைச் சொல்லியிருந்தால் 2002இல் அந்தத் தாய் வீடு போய்ச் சேர்ந்திருப்பார். இதை எழுதும்போதும் மனசு கனக்கிறது.

அதே 2002 அக்டோபரில் யமாகுச்சி மாவட்டத்தில் இன்னொரு மரணம். லாரியின் கிளட்சை மூடியிருக்கும் கூடு (கிளட்ச் ஹவுசிங்) உடைந்து, பின்சக்கரத்துக்கு இன்ஜின் விசையைக் கொண்டுபோகும் தண்டு (புரொப்பல்லர் ஷாஃப்ட்) விழுந்து, பிரேக் பைப் அறுந்து, பிரேக் இல்லாமல் போன லாரியில் ஓட்டுநர் இறந்தார். அந்தக் குறையும் கம்பெனிக்கு முன்பே தெரியும்.

போலீஸ் விடாமல் துருவியது. லாரிப் பிரிவு அதற்குள் மிட்சுபிஷி ஃபூசோ என்று தனிக் கம்பெனி ஆகியிருந்தது. 2004 மார்ச்சில்தான் அவர்கள் ஹப்பின் வடிவமைப்பிலேயே குறை என்று ஒப்புக்கொண்டு, லட்சத்துக்கும் மேற்பட்ட லாரி, பேருந்துகளைத் திருப்பி அழைத்தார்கள். அதிகாரிகள் கைதானார்கள். கவாசோயேவும் கைதாகி, யமாகுச்சி வழக்கில் 2008இல் குற்றவாளி என்று தீர்ப்பானது. ஹப் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தரப் பிரிவில் பொறுப்பில் இருந்த இருவர் மேல் சொல்லப்பட்ட குற்றத்தை 2012 பிப்ரவரியில் அது உறுதிசெய்தது. பேருந்துச் சம்பவத்துக்குப் பிறகு ரீகால் செய்ய வேண்டிய கடமை அவர்களுக்கு இருந்தது என்பதே தீர்ப்பின் அடிப்படை.

2004இல் ஜப்பானில் மிட்சுபிஷி கார் விற்பனை சில மாதங்களில் பாதிக்கும் மேல் சரிந்தது. பங்காளியாக இருந்த டெய்ம்லர்கிரைஸ்லர், இனி பணம் போட மாட்டோம் என்று கைவிரித்தது. குழுமத்தின் மற்ற கம்பெனிகள் கை கொடுத்துத்தான் தப்பித்தது. அப்புறமாவது திருந்தியிருக்கலாம். 2016 ஏப்ரலில் மைலேஜ் சோதனைக் கணக்கில் தில்லுமுல்லு என்று ஒப்புக்கொண்டார்கள். சின்னக் கார்கள் 6,25,000. அவற்றில் பெரும்பங்கு இன்னொரு ஜப்பான் கார் கம்பெனியான நிசானுக்காகச் செய்துகொடுத்தவை. கண்டுபிடித்ததும் நிசான்தான். சட்டப்படியான முறையில் அளக்காமல் விட்டது 1991 முதல் நடந்ததாகவும் தெரியவந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் நிசான் 34 சதவீதப் பங்கை வாங்கியது.

சரி, நம் ஊருக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு டாக்ஸி ஓட்டுநர் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். முன்சக்கரத்தை வண்டியின் அடிப்பக்கக் கையோடு சேர்க்கும் குமிழ் மூட்டு, அதாவது லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட், பிடுங்கிக்கொண்டு முன்சக்கரம் வெளிப்பக்கம் மடங்கிப் படுத்துவிட்டது. ஐம்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத வண்டி. "சர்வீஸ் சென்டர்ல, நீ பள்ளத்துல விட்டிருப்பன்னு சொல்லிட்டாங்கண்ணே" என்றார். அவர் அப்படி ஓட்டுகிற ஆள் இல்லை. ஆறு வாரத்துக்குள் அதே மாடலில் இன்னும் இரண்டு வண்டிகள், அதே இடத்தில் அதே மாதிரி விட்டுப்போய் வந்தன. மூன்று பால் ஜாயின்ட்டையும் மேசைமேல் வரிசையாக வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் ரப்பர் பூட்டின் ஒரே பக்கம் கிழிந்து, உள்ளே தண்ணீர் போய்த் துரு ஏறி, குமிழ் தேய்ந்திருந்தது. மூன்று பேரும் ஒரே மாதிரி பள்ளத்தில் விட்டார்களா? யோகோஹாமா லாரிக்காரருக்குச் சொன்ன அதே பதில்தான் இவருக்கும் வந்தது. பதினோராயிரம் ரூபாய் கைக்காசைப் போட்டுச் செய்துகொண்டு போனார்.

அப்போது அவருக்கு நான் சொல்லாமல் விட்டதை இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன். நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் 110ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கின்றன. ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டியில் ஆபத்தான குறை இருந்தால் அரசின் 'வாகன்' இணையதளத்தில் உரிமையாளரே புகார் பதியலாம். ஒரே மாடலுக்குக் குறிப்பிட்ட அளவு புகார் சேர்ந்தால் அரசு விசாரித்து ரீகாலுக்கு உத்தரவிடும். அப்படி உத்தரவிட்டால் கம்பெனி பத்து லட்சம் முதல் ஒரு கோடி வரை அபராதம் கட்ட வேண்டிவரும். ஆனால் புகார் எண்ணிக்கை சேர்ந்தால்தானே இது நடக்கும்? வண்டிக்காரர்கள் பட்டறையில் புலம்பிவிட்டுப் போய்விடுகிறார்கள். புலம்பல் எந்தக் கணக்கிலும் ஏறாது.

கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். வாரண்டியில் மாற்றினால் பழையதைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும், அப்போது போட்டோவாவது எடுங்கள். கிலோமீட்டர் ரீடிங்கோடு சேர்த்து எடுத்தால் நல்லது. வண்டியை விடும்போது சர்வீஸ் சென்டரில் எழுதும் ஜாப் கார்டில் நீங்கள் சொன்ன புகார் உங்கள் வார்த்தையிலேயே இருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். "ஸ்டீயரிங் இழுக்குது" என்று நீங்கள் சொன்னதை "ஜெனரல் செக்கப்" என்று எழுதிவிட்டால், பின்னால் உங்களிடம் ஆதாரம் எதுவும் இருக்காது.

பழைய கார் வாங்குபவர்கள் ஆர்சியில் இருக்கும் 17 எழுத்து சேசிஸ் எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான கம்பெனிகள் அந்த வசதி வைத்திருக்கின்றன. ரீகால் வேலை பாக்கி இருந்தால் எத்தனையாவது கையில் இருந்தாலும் இலவசமாகச் செய்துதருவார்கள். கடிதம் முதல் உரிமையாளரின் பழைய முகவரிக்குத்தான் போயிருக்கும், அதனால் கடிதம் வரவில்லை என்பதை வைத்து நம்பிவிடாதீர்கள். விலை பேசும்போது நான் கேட்பது ரீகால் வந்ததா என்று இல்லை, வந்த வேலையைச் செய்து முடித்தார்களா என்றுதான். செய்த வண்டிக்கு நான் ஒரு ரூபாய்கூடக் குறைத்துச் சொன்னதில்லை.

டேஷ்போர்டில் கடிதம் வைத்திருந்தவரை, ஏசி வேலை முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பவில்லை. என் போனிலிருந்தே சர்வீஸ் சென்டரைக் கூப்பிட்டு, சேசிஸ் நம்பரைச் சொல்லி, அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு நேரம் வாங்கிக் கொடுத்தேன். அன்று மதியம் அவரே கூப்பிட்டார். "முக்கால் மணி நேரத்துல மாத்திட்டாங்க சார், காசு வாங்கல" என்றார்.