சோலைக்குள் மரம், மேட்டில் புல்

நீலகிரியில் மொட்டையாகத் தெரியும் சரிவைப் பார்த்ததும், யாரோ காட்டை வெட்டிவிட்டதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அடுத்த மழைக்கே கன்றுகளோடு வந்து நிற்கிறார்கள். ஆர்வம் சரி, இடம்தான் தவறு. மேல்நீலகிரிச் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்த கரிமண்ணை ஆராய்ந்ததில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல்வெளி இருந்தது தெரியவந்திருக்கிறது.

சுமார் 1,800 மீட்டருக்கு மேலே சோலைக்காடு மலை மடிப்புகளிலும் ஓடையோரங்களிலும் ஒதுங்கி நிற்கும், மேடெல்லாம் புல். இதற்கு ஒரு முக்கியக் காரணம் உறைபனி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, மேகமில்லாத இரவுகளில் திறந்த புல்வெளி தன் வெப்பத்தையெல்லாம் வானுக்கு விட்டுவிடும். அங்கே முளைத்த சோலைக் கன்று விடிவதற்குள் கருகிவிடும். சோலைக்குள் இலைக்கூரை வெப்பத்தைத் தக்கவைப்பதால் அதே கன்று பிழைக்கிறது. காட்டுப்பூவரசு (ரோடோடென்ட்ரான்) மட்டும் விதிவிலக்கு. பனியையும் ஓரளவு தீயையும் தாங்கிப் புல்வெளியில் தனியாக நிற்கும்.

சோலை மரம் மழையின் வேகத்தை உடைக்கிறது. கிளைப்பாசியில் படியும் மூடுபனியைச் சொட்டுச்சொட்டாக இறக்குகிறது. உதிர்ந்த இலைகள் மட்கிய கரிய மண் அந்த நீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி, கோடையில் மெல்ல ஓடைக்கு விடுகிறது. மேட்டுப்புல்லும் சும்மா இல்லை. அதன் அடர்ந்த வேர்கள் சரிவைப் பிடித்துவைக்கின்றன. பவானிக்கும் மோயாற்றுக்கும் நீர் சேர்வது இந்த இரண்டும் சேர்ந்த மலையிலிருந்துதான்.

19ஆம் நூற்றாண்டில் விறகுக்காகக் கொண்டுவரப்பட்ட சீகை மரமும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) இந்தக் கணக்கைக் குலைத்தன. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீ பட்டால் இன்னும் வேகமாக முளைக்கும். ஆகவே மொத்தமாக வெட்டி, குப்பையைக் கொளுத்தினால் அடுத்த மழையில் பாய் விரித்தாற்போல் சீகைக் கன்றுகள்தான். கற்பூர மரமோ வெட்டிய அடியிலேயே துளிர்க்கும்.

வெட்டுமுன் மரத்தடியைப் பாருங்கள். சீகை நிழலில் சோலைக் கன்றுகள் வளர்ந்திருந்தால் அந்த மரங்களை விட்டுவையுங்கள். திடீரென வெயிலும் பனியும் பட்டால் கன்றுகள் போய்விடும். பழைய புல்வெளியிலோ சீகைக் கன்றுகளை மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்க வேண்டும், ஒவ்வொரு மழைக்குப் பிறகும், பல ஆண்டுகளுக்கு. பெரும்பாலான திட்டங்கள் தோற்பது இங்கேதான்: வெட்டுவதற்குப் பணம் இருக்கும், திரும்ப வந்து பிடுங்க இருக்காது. வெற்றிடத்தில் உள்ளூர்ப் புல் தூர்களைப் பிரித்து நடலாம்.

சோலை மரமே நட வேண்டுமென்றால் இருக்கும் சோலையின் ஓரத்தில், தென்மேற்குப் பருவமழை தொடங்கும்போது நடுங்கள். சோலை மரங்கள் பலவற்றின் விதை காய்ந்தால் முளைக்காது. பழத்தின் சதையைக் கழுவி, வெயிலில் உலர்த்தாமல், சில நாட்களுக்குள் நிழல் நாற்றங்காலில் விதைத்துவிட வேண்டும்.